என்னைத் தனியாக நிற்கச் சொன்னார்கள்

தொழில்முனைவோர் என்றால் தனியாக நிற்க வேண்டுமாம்.

மும்பை செம்பூரில் இளைஞர்களுக்கான தொழில் பயிற்சித் திட்டம் ஒன்றில் கடைசிச் சுற்றுவரை வந்திருந்தேன். தேர்வானால் அலுவலக இடம், வழிகாட்டிகள், முதலீட்டாளர் அறிமுகம் எல்லாம் கிடைக்கும். எனக்கு அது வேண்டும். ரொம்பவே வேண்டும். என் கதையைப் படமெடுக்கத் தாராவிக்கு ஆள் அனுப்பினார்கள்.

என்ன பெரிய கதை? எங்கள் சந்தில் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இட்லி அவித்து விற்கிறார்கள். மாதுங்கா அலுவலகங்கள் போனிலேயே ஆர்டர் போட நான் ஒரு ஆப் செய்தேன். அவ்வளவுதான். ஒருத்தி உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவள் வாடிக்கைக்கும் சேர்த்து அவிப்பார்கள். எழுந்ததும் வாடிக்கை அவளிடமே திரும்பிவிடும். இது சந்தின் வழக்கம். அன்று எதிர்வீட்டு அத்தைக்குக் காய்ச்சல். அவள் பங்கையும் சேர்த்து அவித்ததால் எங்கள் ஒற்றை அறை ஆவியும் ஆட்களுமாக நெரிந்தது.

"பப்ளிக் ஹடாவ்" என்று கேமராக்காரன் கூட்டத்தை விலக்கச் சொன்னான். கூட வந்த திட்ட ஒருங்கிணைப்பாளர் ஒரு மாதுங்காக்கார அம்மாள். "மத்தவா கொஞ்சம் வெளில நிக்கட்டுமே. ஃபவுண்டர்னா ஒரே முகம்தாம்மா. தனியா போராடி ஜெயிச்சே, அதான் கதை" என்றார்.

அம்மா மாவு ஊற்றுவதை நிறுத்தவில்லை. "ஏட்டி, என்ன சொல்லுதாவ?"

"எல்லாரையும் வெளிய போவச் சொல்லுதாவம்மா."

"அடுப்பையும் தூக்கிட்டுப் போவணுமான்னு கேளு."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "நாம போவோம் மைனி. ஃபவுண்டரே மாவ ஊத்தட்டும். இட்லி கல்லு மாதிரி வரும், அதையும் படம் எடுக்கட்டும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும். நான் தனியாக என்றைக்குப் போராடினேன்? இவர்கள் அவிக்காவிட்டால் என் ஆப்பில் விற்க என்ன இருக்கிறது?

"எடுத்தா எல்லாரையும் எடுங்க மேடம்."

"ஜூரிக்குப் பிடிக்காதும்மா. உன் சான்ஸ் போயிடும்."

"போகட்டும்."

போயிற்று. வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் அந்த ஒற்றை முகத்தை இன்றைக்குக் கேட்டாலும் தர மாட்டேன்.

ஆப்பில் 'நிறுவனர்' என்ற இடத்தில் இப்போது ஒரு படம் இருக்கிறது. அத்தை காய்ச்சல் தீர்ந்து வந்த பிறகு எடுத்தது. இடம் போதாமல் நான் ஓரத்தில் பாதிதான் தெரிகிறேன். யாரையும் வெளியே நிறுத்தவில்லை.