சொல்லாமல் போனவள்

போன வியாழக்கிழமை பாண்டிருப்பில் ஒரு செத்த வீட்டையே வாயடைக்க வைத்துவிட்டு வந்தேன். வேண்டுமென்று இல்லை... மரியாதை காட்டப் போய் நடந்த வேலை.

செத்தவர் என் அலுவலகத் தோழி தவமணியின் மாமனார். தொண்ணூறைத் தாண்டியவர். மருதமுனையில் எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஸ்கூட்டியில் ஐந்து நிமிடம்தான். தவமணியும் நானும் பதினொரு வருடமாகப் பக்கத்து மேசை. ஒரு காலத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அவளுடைய கத்தரிக்காய்க் குழம்பு என் பக்கமும், என் மீன் பொரியல் அவள் பக்கமும் தானாகவே இடம் மாறும்.

'ஒரு காலத்தில்' என்று ஏன் சொல்கிறேன்? நாலு மாதமாகத் தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம். நான் அவளோடு கோபம்.

நாலு மாதத்துக்கு முன் என் மாமி, அதாவது கணவரின் உம்மா, மௌத்தானார். அன்று பின்னேரமே அடக்கமும் முடிந்துவிட்டது. தவமணி மறுநாள் காலையில் வந்தாள். ஒரு மணித்தியாலம் என் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றுவோம் என்று குசினிக்குள் போய்த் திரும்பினால்... கதிரை காலி. ஆளைக் காணோம். 'வாறன்' என்று ஒரு சொல் இல்லை.

என் மதினிக்கு, கணவரின் அக்காவுக்கு, இது போதாதா? "என்ன புள்ள உன்ட சிநேகிதி, சொல்லாமக் கொள்ளாமப் போறா?" என்றார். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்தவர் ஸலாம் சொல்லாமல் எழும்பிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் – ஏதோ மனத்தாங்கல். எனக்கு மேலெல்லாம் எரிந்தது.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கோபத்தில் இருப்பவர்கள் எங்கே கேட்கிறார்கள்! மற்றவரே கண்டுபிடிக்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் என் கணவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த லட்சணத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் இன நல்லிணக்கச் செயலமர்வு வேறு நடந்தது. தின்ன ரோல்ஸ், பற்றிஸ், கடைசியில் சான்றிதழ். வகுப்பெடுக்க வந்த வளவாளர் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, பதினொரு வருடம் ஒன்றாக இருக்கும் இவர்கள்தான் உதாரணம் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். போட்டோ எடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்தப் போட்டோ இன்னும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன். கோபம் வேறு, மரணம் வேறு. போய்த் தவமணியின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு திட்டம். ஒரு வீட்டிலிருந்து எப்படி முறையாக விடைபெறுவது என்பதை இவளுக்கு இன்றைக்குக் காட்ட வேண்டும்!

இதற்கு முன் இப்படியான வீடுகளுக்கு அலுவலக வேனில் கூட்டமாகத்தான் போயிருக்கிறேன். ஹோர்ன் அடித்ததும் எல்லோரும் பேசாமல் எழும்பி வந்து ஏறிவிடுவோம். அதை வேன்காரரின் அவசரம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

எழும்பினேன். அங்கே ஸலாம் சொல்ல முடியாது. அதனாலென்ன, நல்ல தமிழ் இருக்கிறதே! முதலில் தவமணியின் மாமியாரிடம் குனிந்து, "போயிட்டு வாறன் அம்மா" என்றேன். அவர் திகைத்துப் பார்த்தார். காது கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னேன். பிறகு வரிசையாக இருந்த ஐந்தாறு பெண்களிடமும் தனித்தனியாகச் சொன்னேன். வாசலில் கதிரையில் இருந்த ஒரு முதியவரையும் விடவில்லை. கடைசியாகப் பொதுவில் ஒன்று:

"எல்லாருக்கும் சொல்றன், போயிட்டு வாறன். இன்ஷா அல்லாஹ், இந்த வீட்டுக்கு இன்னும் வருவன்."

அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. அந்த முதியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தவமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அதைப் பார்த்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து முன்னையதை விடப் பெரிதாக அழத் தொடங்கினார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால்... அவள் சிரிக்கிறாள்!

என்னை இழுக்காத குறையாகத் தெருக் கேற்றடிக்குக் கூட்டி வந்தாள்.

"பாயிஸா, செத்த வீட்டில ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவாங்களா கா? இன்னொரு சாவுக்கு வாறன் எண்டமாதிரி ஆகிருமே. நாங்க பேசாமத்தான் எழும்பிப் போற."

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அப்படியானால் அன்றைக்கு எங்கள் வீட்டில்...?

"ஓம். உங்கட வீட்டில இன்னொரு சாவு வரக்கூடா எண்டுதான் சொல்லாம வந்தன்."

வெட்கமாகப் போய்விட்டது. என் வீட்டு ஆட்களின் உயிருக்காக வாயைக் கட்டியவளுக்கா நான் நாலு மாதம் மீன் பொரியலை மறைத்துத் தின்றேன்? சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவளோ, தான் மய்யித்து அடக்கிய பிறகு பிந்தி வந்ததற்காகத்தான் எனக்குக் கோபம் என்று நினைத்திருந்தாளாம். தங்கள் வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் மறுநாள்வரை வைத்திருப்பார்கள் என்று எண்ணி வந்தாளாம். அவளும் கேட்கவில்லை.

ஒரே மொழி பேசுவதுதான் எங்களுக்குள் பெரிய வில்லங்கம். ஒரு சிங்களவர் வீட்டுக்குப் போனால் எங்கே இருப்பது, எப்படி எழும்புவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்கிறோம். அடுத்த ஊர்த் தமிழர் வீட்டில், முஸ்லிம் வீட்டில், கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

உள்ளே போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன். தவமணி கேற்றை மறித்துக்கொண்டாள். வாசலில் இருந்தவர் இறந்தவரின் தம்பி, வயதில் அடுத்தவர் அவர்தானாம். இன்னொரு தரம் என்னைக் கண்டால் தாங்க மாட்டாராம்.

அவள் கையை ஒருதரம் அழுத்திப் பிடித்தேன். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

வீட்டு வாசலில் மதினி காத்திருந்தார். தவமணியிடம் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டார். இல்லை, சொல்லாமல்தான் வந்தேன் என்றேன்.

"அவதான் அப்பிடியெண்டா, நீயுமா புள்ள?"

"ஓம் மதினி, நானும் அப்பிடித்தான்."