லண்டன் கடிகாரம்

மரணச் செய்தி வந்தபோது பிற்பகல் இரண்டு நாற்பது. ருக்கையா மௌத்தாகிவிட்டதாக மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள்.

அப்துல் ஹமீது உடனே மகள் இஷ்ரத்தை லண்டனில் அழைத்தார். அரை மணி நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள்.

“இங்க பகல் பன்னிரண்டு மணி பிளைட் கிடைச்சிருச்சு, அத்தா. அம்மா முகத்தை நான் பார்க்காம மூடிராதீங்க.”

மலேசியாவின் அலோர் காஜாவில் அவருடைய வீட்டு முன்பக்கத்து மளிகைக் கடைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று உள்ளூர் நேரம். மற்றது, இஷ்ரத் படிக்கப் போன ஆண்டு மாட்டிய லண்டன் நேரம். பருப்பு வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்வார்: “பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தா பதினாலு மணி நேரம், அவ்வளவுதான் லா.”

அன்று லண்டன் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டபோது இங்கே இரவு ஏழு. பதினாலைக் கூட்டினால் காலை ஒன்பது. பாஸ்போர்ட் வரிசைக்கும் டாக்சிக்கும் இரண்டு மணி நேரம்.

“நாளைக்கு ஒரு மணிக்கு லுஹர் தொழுதுட்டு எடுக்கலாமே, பாய்,” என்றார் இமாம்.

“வேணாம் ஹஜ்ரத். பதினோரு மணிக்குப் பிள்ளை வாசல்ல நிக்கும்.”

“பிளைட் வர்ற நேரத்தை நெட்ல ஒரு தடவை பார்த்துரவா மச்சான்?” என்று கேட்டான் ருக்கையாவின் தம்பி முகம்மது அஷ்ரப்.

“ஏழு வருஷமா பார்க்கிற கடிகாரம். எனக்கே கணக்குச் சொல்றியா?”

மறுநாள் ருக்கையாவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. இஷ்ரத்தின் போன் அணைந்தே கிடந்தது.

“லுஹர் வரைக்கும் பார்ப்போமே,” என்றார் இமாம் மறுபடியும்.

சென்ற ஆண்டு அஷ்ரப்பின் மனைவி இறந்தபோது, ஜெட்டாவிலிருந்து வந்துகொண்டிருந்த மகனுக்காக அவன் இரண்டு மணி நேரம் கேட்டான். மய்யித்தை அடக்காமல் காக்க வைப்பது பாவம் என்று கூட்டத்தின் நடுவே அதட்டி, ஜனாஸாவைத் தூக்க வைத்தவர் ஹமீது.

அஷ்ரப் இப்போது குரலை உயர்த்தவில்லை. “என்ன மச்சான், சட்டம் என் வீட்டுக்கு மட்டுந்தானா?”

கூட்டம் அவரைப் பார்த்தது. ஹமீது மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மூடுங்க. தூக்குங்க.”

கபர்ஸ்தான் பக்கத்துத் தெருவில்தான். இஷ்ரத் டாக்சியிலிருந்து இறங்கியபோது மணி பன்னிரண்டு பத்து. அடக்கம் முடிந்து திரும்பியிருந்த ஹமீதின் கால்களில் ஈரமண் ஒட்டியிருந்தது.

“லுஹருக்கு இன்னும் நேரம் இருக்கே, அத்தா. ஏன் அவசரப்பட்டீங்க?”

“பதினோரு மணிக்கு வந்திருக்கணும் நீ,” என்றார். விரல் கடைச் சுவரைக் காட்டியது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே போட்டாள்.

“இது ஒரு மணி நேரம் முன்னால ஓடுது. அக்டோபர் கடைசியில, குளிர்காலத்துக்காக, அங்க நேரத்தை ஒரு மணி பின்னால தள்ளிட்டாங்க. அம்மாகிட்ட போன்ல சொன்னேனே.”

ருக்கையாவும் அவரிடம் சொல்லியிருந்தாள். முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, “ஏறி மாத்துங்க” என்றாள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்றார்.

முக்காலி கடிகாரத்துக்கு நேர் கீழேயே இருந்தது.