அப்பா பால்சுறா வாங்கப் போன தேதி

நீ பொறந்த தேதிய நெட்ல தட்டி, அன்னைக்கு உலகத்துல என்னென்ன நடந்துச்சுனு எப்பவாச்சும் பார்த்திருக்கியா?

என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஜூலை இருபது. மனுசன் சந்திரன்ல கால் வச்ச நாளு. அவனே ராக்கெட் ஓட்டுன மாதிரி வருஷா வருஷம் ஸ்டேட்டஸ் போடுவான். எனக்கு டிசம்பர் இருபத்தாறு. தட்டுனா ரேடியம் கண்டுபிடிச்சத அறிவிச்ச நாளுன்னு வரும், சோவியத் யூனியன் கலைஞ்ச நாளுன்னு வரும், ஈரான்ல பூகம்பம் வரும். அதெல்லாம் யாருக்கு வேணும், மொத வரியில நிக்கிறது சுனாமி தான். அதுலயும் நான் வேற ஏதோ வருஷத்துல பொறந்திருந்தா கூட பரவால்ல. அதே ரெண்டாயிரத்து நாலு, அதே ஞாயித்துக்கெழம.

ஸோ நம்ம பர்த்டே எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ. காலைல டிவிய போட்டா கடல்ல பால் ஊத்தி அழுதுட்டு இருப்பாங்க. அத பாத்துக்கிட்டே எவன் மெழுகுவத்தி ஊதுவான்? எங்க வீட்ல கேக் எப்பவுமே இருபத்தேழாம் தேதி தான்.

போன டிசம்பர்ல அக்கா தலப்பிரசவத்துக்கு தாம்பரத்துல எங்க வீட்டுக்கு வந்திருந்தா. மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், கோவிலம்பாக்கத்துல இருந்து டெய்லி சாயந்திரம் பைக்ல வந்து பாத்துட்டு போவாரு. கொழந்த தல மேல, கால் கீழனு ஜாலியா ஒக்காந்திருக்கு, திரும்புற ஐடியாவே இல்ல. ஆபரேஷன் தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. "கிறிஸ்துமஸ் முடிஞ்சு மறுநாள் காலைல வச்சுக்கலாம்." ஜோசியரும் நல்ல நேரம்னுட்டாரு. எல்லாரும் ஓகே.

அம்மா மட்டும், "இருபத்தாறு வேணாம்."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். விடு."

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. "அப்போ நான் பொறந்த நாளு அவ்ளோ கேவலமா?"ன்னு கேட்டேன். சரி, வேற தேதியாச்சும் சுத்தமா இருக்கான்னு அங்கயே போன எடுத்து சத்தமா படிக்க ஆரம்பிச்சேன். இருபத்துமூணு, தனுஷ்கோடிய புயல் முழுங்குன நாளு. இருபத்துநாலு, ப்ளேன் கடத்துன நாளு. எந்தத் தேதிய தொட்டாலும் எங்கயோ யாரோ செத்திருக்காங்க.

ஒருக்களிச்சு படுத்துக்கிட்டு இருந்த அக்கா, "டேய், நீ என் புள்ளைக்கு நாள் பாக்குறியா, இல்ல எழவு சொல்றியா?"ன்னா.

அம்மா அதுக்கும் சிரிக்கல. கைய தொடச்சுக்கிட்டு கட்டில் ஓரமா வந்து ஒக்காந்தா.

"நாளுக்கு இன்னாடா வந்துச்சு. நாளு ஒண்ணும் பண்ல. உங்கப்பன் தான் பண்ணாரு."

அப்பா கதைய நான் ஆயிரம் தடவ கேட்டிருக்கேன். அப்பாவுக்கு லோடு ஆட்டோ. சுனாமி அன்னைக்கு கோவளம் ரோட்ல ஓடி வந்த ஜனங்கள அதுல ஏத்தி ஏத்தி கேளம்பாக்கத்துல கொண்டாந்து விட்டாரு. டீக்கடைல பத்து பேர் கெடைச்சா இன்னைக்கும் அந்த ரீல ஓட்டுவாரு. செம சீன் தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த நேரத்துல அம்மா எங்க இருந்தான்னு எவனும் கேட்டதில்ல. நானும் தான்.

அன்னைக்கு விடியக்காலைல அம்மாவுக்கு வலி வந்து ஆஸ்பத்திரில சேத்தாச்சு. இன்னும் நேரமாகும்னு நர்ஸ் சொன்னதும் அப்பாவுக்கு இருப்பு கொள்ளல. "பொம்பளைங்க ஆஸ்பத்திரில எனக்கு இன்னா வேல? கோவளம் போய் பால்சுறா வாங்கியாறேன்"ன்னு கெளம்பிட்டாரு. புள்ள பெத்தவளுக்கு பால் ஊறணும்னு புட்டு பண்ணிப் போடுவாங்களே, அந்த மீனு.

"புள்ளையே இன்னும் வர்ல, மீனுக்கு இன்னாய்யா அவசரம்னேன். கேக்கல. கொஞ்ச நேரத்துல வார்டு ஃபுல்லா ஒரே பேச்சு, கடல் உள்ள வந்துச்சாம்னு. கோவளமும் போச்சுன்னு ஒருத்தி சொன்னா. அப்பல்லாம் அந்தாளு கைல போன் ஏது? உன்ன பெத்து கைல குடுத்தாங்க. நான் உன் மூஞ்சியவே பாக்கலடா. வாசலையே பாத்துக்கினு இருந்தேன்."

பொழுது சாயும்போது தான் அப்பா வந்தாராம், முட்டி வரைக்கும் சேறு.

சொல்லி முடிச்சுட்டு அம்மாவே எழுந்தா. "சரி, இருபத்தாறே வைங்க. ஆனா ஒரு ஆம்பள கூட வாசல விட்டு நகரக்கூடாது. சொல்லிட்டேன்."

இருபத்தாறு காலைல குரோம்பேட்டை ஆஸ்பத்திரில அம்மா தான் செக்யூரிட்டி. மாமா பாத்ரூம் போகவே பர்மிஷன் கேட்டாரு. அக்காவ உள்ள கூட்டிட்டு போனாங்க, கதவு சாத்துச்சு. எல்லாரும் கதவையே பாத்துட்டு இருந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்புனா, அப்பா இல்ல.

போன் அடிச்சேன். எங்க பின்னாடியே ரிங் ஆகுது, சார்ஜர்ல தொங்கிக்கிட்டு. கீழ ஓடுனேன். லோடு ஆட்டோவ காணோம்.

மேல வந்து சொன்னா அம்மா கத்துவான்னு நெனச்சேன். கத்தல. சேரோட திரும்பி மாடிப்படிய பாத்து ஒக்காந்துட்டா. அவ்ளோ தான். இருபத்தோரு வருஷம் முன்னாடி அவ எப்படி இருந்திருப்பான்னு எனக்கு அப்ப தான் ஒறச்சுது. குரோம்பேட்டைக்கும் கடலுக்கும் எவ்ளோ தூரம்னு எனக்கு தெரியாதா? தெரியும். இருந்தும் ஒரு மூலைல நின்னு எங்கயாச்சும் நிலநடுக்கம் வந்துச்சானு நியூஸ் பாத்தேன். சிரிக்காத.

நர்ஸக்கா துணி சுத்தி பாப்பாவ கொண்டாந்தாங்க. "பொண்ணு. அம்மா நல்லா இருக்காங்க." மாமா அங்கயே அழுதுட்டாரு. பாப்பாவ அம்மா கைல குடுத்தாங்க. வாங்கிக்கிட்டா, ஆனா கண்ணு படிக்கட்டுல தான். அக்கா நல்லா இருக்கான்னு கேட்டும், நானும் அந்தப் பக்கமே தான் பாத்தேன்.

அப்புறம் படில தண்ணி சொட்டுற சத்தம். அப்பா. கைல ஐஸ் தண்ணி ஒழுகுற ஒரு பை.

"எங்கய்யா போன?" பாப்பாவோட எழுந்துட்டா அம்மா.

"கடல் பக்கமே போகலடி, சத்தியமா. பல்லாவரத்துல தான் வாங்கினேன். இன்னைக்கு வெள்ளிக்கெழம சந்தையாச்சே, ட்ராஃபிக்ல மாட்டிக்கினேன்." பைய லேசா தூக்கி காட்டுனாரு. "பால்சுறா. அன்னைக்கு வாங்காம வந்தேன்ல."

"இருபத்தோரு வருஷம் கழிச்சு கொண்டாந்துகீறாரு தொர!"

நர்ஸக்காவுக்கு மூக்குல ஏறிடுச்சு. "ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இப்ப தண்ணியே கெடையாது, மீனாம் மீனு! எடுத்துட்டு வெளிய போங்க சார்."

அப்பா நல்ல புள்ளையா திரும்புனாரு. அம்மா ஒரு கைல பாப்பா, இன்னொரு கையால அவர் சட்டைய பின்னாடி இருந்து கொத்தா புடிச்சா. "நீ எங்கயும் போகாத. டேய், நீ எடுத்துனு போடா."

பைய வாங்கும்போது பாத்தேன். அம்மா அப்ப தான் குனிஞ்சு பாப்பா மூஞ்சிய பாத்தா. "மூக்கு அப்படியே இந்தாளு மூக்கு"ன்னு சொல்லிட்டு, சிரிக்கிறாளா அழறாளான்னே தெரியல. சட்டைய மட்டும் விடல.

நான் கீழ போய், மீன் பைய லோடு ஆட்டோல மாட்டிட்டு, சீட்ல ஒக்காந்து நல்லா மூச்சு விட்டேன். சாயந்திரம் பேக்கரில ஒரு கேக் வாங்குனேன். இருபத்தாறாம் தேதியே. மேல பேர் எழுதணுமான்னு கேட்டாரு கடைக்காரண்ணா. பாப்பாவுக்கு இன்னும் பேரே வைக்கல, ரெண்டு பேருக்கு பர்த்டேன்னு மட்டும் போடுங்கண்ணான்னேன்.

இப்ப அப்பா ஹால்ல தான் இருக்காரு, பாப்பா அவர் வயித்து மேல தூங்குது.