பெரியம்மா பேரை மூணு தரம் சொன்ன அக்கா

வசம்பு சுட்ட வாசனை... வெளக்கெண்ணெ வாசனை... சரியா காயாத துணி வாசனை. என் மூத்த மவ பொறந்தப்ப வூடு பூரா இதுதான்.

எனக்கு எழுத்து தெரியாதுங்க. ஃபோன்ல மைக்க அமுத்திட்டுப் பேசறேன், அதுவே எழுதிக்குது. தப்பு இருந்தா ஃபோனைத் திட்டுங்க.

அறுபதுகள்ல நடந்தது. செஞ்சி கடைத்தெருவுல மல்லாட்டை மண்டியில மூட்டை தூக்கினு இருந்தேன். மல்லாட்டைன்னா வேர்க்கடலை, வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்.

என்னைப் பெத்தவங்க பேரு தனம். நான் பொறந்த மூணாம் நாளே போயிட்டாங்க. அப்ப எங்க அக்கா வள்ளிக்கு ரெண்டு வயசு. எங்க ரெண்டு பேரையும் வளத்தது பெரியம்மா... நைனாவோட அண்ணன் சம்சாரம். பேரு பச்சையம்மா. இருவது வயசுலயே தாலி அறுத்தவங்க. புள்ளை குட்டி கெடையாது.

நைனா காலையில கெளம்பற நேரத்துல பெரியம்மா அடுப்படிய வுட்டு வரமாட்டாங்க. யாரும் போன்னு சொன்னதில்ல. அவங்களாவே போயி நின்னுக்குவாங்க. நான் மட்டும் உள்ள பூந்து மூஞ்சியப் பாத்துட்டுத்தான் மண்டிக்குப் போவேன்.

"போடா அந்தாண்ட... வேலைக்குப் போறப்ப என் மூஞ்சிதான் கெடச்சிதா"ன்னு திட்டுவாங்க. திட்டிக்கினே தலையத் தடவுவாங்க.

பொட்டப்புள்ளை பொறந்ததும் நைனா சொல்லிட்டாரு. "தனம்னு வெச்சிடு. பூவும் பொட்டுமா போனவ."

எனக்கு பெரியம்மா பேரை வெக்கணும்னு ஆசை. நைனாகிட்ட மெல்ல சொல்லிப் பாத்தேன்.

"சாமி பேருதான்டா, யாரு இல்லேன்னா? ஆனா அவ ராசி புள்ளைக்கு வந்துட்டா? நாளைக்கு இவ கழுத்துல தாலி நிக்க வேணாமா?"

பெத்த புள்ளை ஆச்சே... பயம் எனக்கும் இருந்தது.

பெரியம்மாவே கூப்ட்டுச் சொன்னாங்க. "தனம்னே வையிடா. என் பேரு என்னோட போவட்டும்."

பதினாறாம் நாளு பேரு வெக்கறது. சிங்கவரத்துல கட்டிக் குடுத்திருந்த அக்கா, எங்க மாமா சைக்கிள் கேரியர்ல ஒக்காந்து வந்தா. கையில கருப்பு வளையலு, ஒரு சட்டை. எங்க பக்கம் அத்தைக்காரிதான் புள்ளை காதுல மூணு தரம் பேரைச் சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் மத்தவங்க கூப்புடலாம்.

நல்ல காரியம் இல்லையா... பெரியம்மா வழக்கம்போல அடுப்படியில.

அக்கா முந்தானையால புள்ளைய மூடிக்கினு குனிஞ்சா. முணுமுணுன்னு சத்தம்தான் கேட்டுது. நைனா சக்கரைத்தண்ணிய வெரல்ல தொட்டு, "தனம்... வாயத் தொறம்மா"ன்னாரு.

"அது பேரு தனம் இல்ல நைனா. பச்சையம்மா."

நைனா வெரலை இழுத்துக்கினாரு.

"இன்னாடி சொல்றே?"

"மூணு தரம் சொல்லிட்டேன்."

"மாத்திச் சொல்லுடி!"

"காதுல போட்டதைக் கழட்டிக்க அது இன்னா கம்மலா?"

பெரியம்மா கரண்டியோட ஓடியாந்தாங்க. நல்ல காரியத்துல நடு வூட்டுக்கு அவங்க வந்து நான் பாத்தது அன்னிக்குத்தான். அக்கா முதுகுல ஒண்ணு வெச்சாங்க.

"பாவி... பச்ச மண்ணு தலையில என் தலையெழுத்தைக் கட்டிட்டியேடி!"

அக்கா நவுரல. "அம்மான்னா எனக்கு உன் மூஞ்சிதான் தெரியுது பெரியம்மா. வேற பேரு வாயில வரல, நான் இன்னா பண்ண?"

பெரியம்மா அப்டியே ஒக்காந்து அழுதாங்க. நைனா துண்ட ஒதறிப் போட்டுக்கினு வெளிய போயிட்டாரு.

பேரு நின்னுடுச்சி. ஆனா கூப்புடத்தான் ஆளில்ல! மாமியா மொறையில இருக்கறவங்க பேரை மருமவ வாயால சொல்லக்கூடாது. அதனால என் சம்சாரம் சரோஜா பெத்த பொண்ணையே 'அத்தே'ன்னு கூப்ட ஆரம்பிச்சா. "அத்தே, அழுவாதீங்க... பால் குடிங்க." தெருவே சிரிக்கும்.

ஒரு நாளு கோவத்துல, "அத்தே, முதுகுத் தோலை உரிச்சிடுவேன்"னு கத்தினா. தோட்டத்துலேர்ந்து பெரியம்மா, "நான் இன்னாமா பண்ணேன்?"ங்கறாங்க!

பெரியம்மா மட்டும் கடைசி வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லல. அவங்க வாயால சொன்னா அவங்க கதியும் ஒட்டிக்கும்னு பயம். 'குட்டி', 'கண்ணு', அவ்ளோதான். பொண்ணு கல்யாணத்துக்கும் வரல, வூட்லயே கதவைச் சாத்திக்கினு இருந்துட்டாங்க. ஆனா அமாவாசை தவறாம ஸ்பெஷல் பஸ்ல நசுங்கிக்கினு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவாங்க. இன்னா வேண்டிக்கினாங்கன்னு கேக்க வேணாம்... திரும்பி வந்ததும் மொதல் கேள்வி, "மாப்ளை நல்லா இருக்கானா?" கண்ண மூடறதுக்கு மொத நாளும் அதேதான் கேட்டாங்க.

இப்பல்லாம் ஃபோன்ல தேடி, எழுத்து எண்ணி, யாருக்கும் இல்லாத பேரா வெக்கறாங்க. கேக்க அழகாத்தான் இருக்குது. எனக்குத்தான் வாயில நொழையல. ஆனா ஒரு பேரு வெக்கறதுக்கு இப்டி அடிச்சிக்கினு அழற ஜனம் இப்ப இல்ல. நல்லதோ கெட்டதோ... தெரியலைங்க.

போன வருசம் மாப்ளைக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்துல மைக்ல என் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்ட்டாங்க. பச்சையம்மாள்... ஹாலு பூரா கேட்டுது. மறுபடியும் தாலி ஏறுச்சி. அட்சதை எங்க தலையிலெல்லாம் விழுந்தது. கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணுங்க ரெண்டு பேரு வரிசையில நின்னு, இந்தக் கையாலதான் வாங்கணும்னு அவகிட்ட குங்குமம் வாங்கிக்கினு போச்சிங்க.

பயந்த நைனா இல்ல. அழுத பெரியம்மா இல்ல. அடி வாங்கின அக்கா இல்ல. 'அத்தே'ன்னு கூப்ட்ட சரோஜாவும் இல்ல.

நான்தான் ஒத்த ஆளா நின்னு பாத்தேன்.