ரோஸ்லின் அக்காவின் வண்டி

ரோஸ்லின் அக்கா காலமான செய்தி வந்தபோது நம் சங்கத்து வண்டி சபை வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. மலையில் பெரக்கரை நாடு என்ற ஊர்த்தொகுதியில் மிளகு பறிக்க மரமேறி விழுந்து இறந்த ஒருவரின் உடலை, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரப் போகிற வண்டி. அக்காவும் அதே ஆஸ்பத்திரியில்தான் கண்மூடியிருந்தார். வண்டியில் ஓர் உடலுக்குத்தான் இடம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சங்கக் கணக்கும் வண்டி முறையும் என் பொறுப்பு.

அந்த வண்டி வந்த கதை புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. அக்கா சமவெளியிலிருந்து அரசு நர்ஸாக இங்கே வந்தவர். ஒருநாள் மலையேறும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஒரு தகப்பன், துண்டில் சுற்றிய குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் குழந்தையின் தலை தொங்கியது. அக்கா தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"சொல்லிப்போடாதீங்க சிஸ்டர், எறக்கி உட்டுருவாங்க" என்றாராம் அந்த மனிதர், காதோடு.

அக்கா குழந்தையை வாங்கி மடியில் போட்டு, ஊர் வரும்வரை தூங்குகிற பிள்ளையைப் போலத் தட்டிக்கொண்டே வந்தார்.

அந்த ஞாயிறு ஆராதனையில் போதகர் அக்குடும்பத்துக்காக ஜெபித்து முடித்ததும் அக்கா எழுந்தார். "ஜெபம் பண்ணியாச்சுங்க ஐயா. வண்டி எப்பங்க வாங்கறது?"

வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்தோம். பண்டிகையில் மிளகும் பலாவும் ஏலம் விட்டோம். பழைய வண்டி ஒன்று வந்தது. சாவு வீடுகளுக்குள் போனபிறகுதான் அங்கே அரிசி இல்லாததைப் பார்த்தோம். அரிசி கொடுக்கப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் நின்றதைப் பார்த்தோம். சங்கம் இப்படித்தான் வளர்ந்தது. சந்தோஷமாக வளர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

அரியூர் நாட்டில் ஒருவர் வண்டிமேல் இருந்த பெரிய சிலுவையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சிஸ்டர், எங்கப்பன் செத்ததுக்கப்புறம் கிறிஸ்தவ வேதத்துல சேரோணுமாங்க?" என்றார். சிலுவையை எடுக்கவே கூடாது என்று கமிட்டியில் ஒரு மூப்பர் மல்லுக்கு நின்றார்.

"அதுல படுத்து வாரவங்க யாரும் பிரசங்கம் கேக்கற நெலமையில இல்லீங்களே" என்றார் அக்கா. சிலுவை உள்ளே, டிரைவர் முன்னால் போனது. "வளைவுல திருப்பறவனுக்குத்தானுங்க அது வேணும்."

அக்கா இறந்த அன்று, வண்டி பக்கத்தில் நின்று போதகர் என்னிடம் சொன்னார்: "அவங்க ஆரம்பிச்ச வண்டிம்மா. அவங்களையே மொதல்ல கொண்டாந்துரலாம். சனமெல்லாம் காத்திருக்குது."

எனக்கும் அதுதான் ஆசை. மார்ச்சுவரியில் அக்கா தனியாகக் கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. ஆனால் இறந்தவரின் மனைவி கையில் புது வேட்டியோடு வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அந்தம்மாவயே கொண்டாந்துருங்க சாமி. நாங்க நின்னுக்கறோம். நின்னு பழக்கந்தானுங்க."

நான் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றேன்.

அக்கா மழையோடு, பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தார். அவருடைய தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தங்கையின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

முதலில் கூப்பிட்டவருக்கு முதலில் வண்டி என்பது அக்கா வைத்த முறை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை அவருக்கே எதிராகக் கடைப்பிடிக்க வேண்டிவரும் என்று ஆண்டவர் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.