இரண்டு லிபா தெருக்கள்

ஒரு நிரல் கோப்பின் தலைப்பகுதியில் இருந்த பதினேழு வரிகளை ரூமியானா அகரவரிசையில் அடுக்கினாள். செய்தது அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மதியம், வேறு வேலை இல்லாத பத்து நிமிடத்தில் செய்தது. மறுநாள் காலை, டான்யூப் நதிக்கரையிலிருந்த அந்த ஊரின் ஆம்புலன்ஸ் மையத்துத் திரைகளில் புதிய பதிப்பு ஏறியது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியபோது ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, மருந்துக்கடை மாடியில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆம்புலன்ஸ் மையத்துக்காரர்கள் பார்க்கும் பக்கம் அவள் பொறுப்பு. அது பல மாட்யூல்களால், அதாவது தனித்தனிச் சிறு நிரல்களால், ஆனது. வரைபடத்துக்கு ஒன்று, வண்டிகளுக்கு ஒன்று. ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் இருந்தால் சிவப்புப் பெட்டி காட்டி "எந்த ஊர்?" என்று கேட்கவும் ஒன்று உண்டு.

ஒவ்வொரு மாட்யூலும், கோப்பின் தலைப்பகுதியில் தன் பெயர் வந்த உடனேயே தானாக வேலையைத் தொடங்கிவிடும். அதனால் எந்த ஊருக்கு எது தேவை என்று சொல்லும் அமைப்புகளை ஏற்றும் வரி முதலில் இருந்தாக வேண்டும். ஆறு ஆண்டுகளாக இருந்தது. ஏன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரூமியானா அடுக்கியதில் அந்த வரி கீழே போனது. சிவப்புப் பெட்டி விழித்தபோது அமைப்புகள் இன்னும் வரவில்லை. இந்த ஊருக்குத் தன் தேவை இல்லை போலும் என்று எடுத்துக்கொண்டு அது பேசாமல் இருந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

புதன் காலை பத்து மணிக்கு மையத்தில் வண்டிகளை அனுப்பும் ஸ்தான்கா அழைத்தாள்.

"ரூமி, உன் சிவப்புப் பெட்டி எங்கடி போச்சு?"

"ஏன், என்ன ஆச்சு?"

"லிபா தெரு பதினாலுன்னு அடிச்சேன். ஊரா, கோர்னோ பொலே கிராமமான்னு எப்பவும் கேக்குமில்ல? இன்னைக்கு வாயே திறக்கல. வண்டி ஊருக்குள்ள போயிடுச்சு. கதவைத் திறந்தவ கையில துடைப்பத்தோட நிக்கிறா. வண்டி கேட்ட வீட்டு மனுஷன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு கிராமத்துல கிடந்திருக்கான், முப்பத்திநாலு நிமிஷம்!"

ரூமியானா உடனே பழைய பதிப்பை ஏற்றினாள். பெட்டி வந்தது. இரண்டையும் ஒப்பிட்டாள். அவளுடைய பதினேழு வரிகளைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. தன் கணினியில் அந்த ஒரு வரியை மேலே வைத்தாள், பெட்டி வந்தது. கீழே இறக்கினாள், போனது. ஒரு தடவையாவது வேறு மாதிரி நடக்காதா என்று பதினோரு முறை செய்து பார்த்தாள்.

முதலாளி திகோமிர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"அறிக்கையில நெட்வொர்க் கோளாறுன்னு எழுதிடலாம். யாருக்குப் புரியப் போகுது?"

"எனக்குப் புரியுதே. வசந்த காலத்துலயே சொன்னேன் சார். ஒவ்வொண்ணும் தானா தொடங்கக் கூடாது, எல்லாத்தையும் ஒரே இடத்துலேருந்து வரிசையாத் தொடங்கணும்னு. அப்புறம் பாக்கலாம்னீங்க."

"சொன்னே, இல்லேங்கல. தெரிஞ்சிருந்தும் அந்த வரிகளை ஏன் தொட்டே?"

ரூமியானா அறிக்கையில் தன் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த ஒன்பது நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எந்த மாட்யூலும் இனித் தானாக எதுவும் செய்யாதபடி மாற்றினாள். தொடக்கத்துக்கென்றே ஒரு கோப்பு. அது முதலில் அமைப்புகளை ஏற்றும், பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். ஒன்று தொடங்காவிட்டாலும் பக்கமே திறக்காது, காரணத்தைப் பெரிய எழுத்தில் சொல்லும். முடித்த அன்று ஸ்தான்கா மறுபடி அழைத்தாள். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த அந்தக் கிராமத்து அசென் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். வண்டி சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு கார்னேஷன் பூக்களோடு ரூமியானா கோர்னோ பொலேவுக்கு பஸ் ஏறினாள். வெளிக்கதவில் அசெனின் படம் போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. அவர் மனைவி கின்கா வந்தாள்.

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க" என்றாள் கின்கா.

"கெடலக்கா. வரிசை மாறினதால அது வேலையைத் தொடங்கவே இல்ல. வரிசையை மாத்தினது நான்தான்."

"எதுக்கு மாத்தினே?"

"பாக்க ஒழுங்கா இருக்கட்டும்னு."

கின்கா அவளையே பார்த்தாள். "இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கின்கா பூக்களை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஒண்ணரைக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டா சாயங்காலம்தான். போ."

ரூமியானா மன்னிப்புக் கேட்கவே இல்லை. கதவு சாத்தியதும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். திகோமிர் வாங்க மறுத்தார். அந்தப் பக்கத்தில் எது எதற்கு முன்னால் தொடங்க வேண்டும் என்பது வேறு யாருக்கும் தெரியாது என்றார். அது உண்மைதான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அந்த வரிசையை இன்னொருவருக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்க உட்கார்ந்தாள். முதல் வாக்கியம் வரவே மதியமாகிவிட்டது.