காலியாகக் கிடந்த படங்கள் ஃபோல்டர்

எங்கள் பழைய லேப்டாப்புக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் செய்தி வந்துகொண்டே இருந்தது. கல்லூரித் தோழி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம், செய்தால் பழையதெல்லாம் அழிந்துவிடும், முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். அவள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கணவர் ஆவடி தொழிற்சாலைக்குப் போனதும், மகளைத் தூங்கவைத்துவிட்டு, வரிக்கு வரி டிக் போட்டபடி செய்தேன். புதுத் திரை வந்தது. அழகாகத்தான் இருந்தது. படங்கள் ஃபோல்டரைத் திறந்தேன். காலி.

இன்ஸ்டாலை அழுத்திவிட்டேனோ? இல்லை, சரியானதைத்தான் அழுத்தினேன். அழுத்தினேனா? நோட்டில் டிக் இருந்தது. அதை நம்ப முடியவில்லை. காது குத்தி அழுத மகளை மாமனார் தோளில் போட்டுக்கொண்டிருக்கும் படம் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார். பேத்தியோடு அவருக்கு வேறு படம் கிடையாது. நகல் எடுத்து வை என்று கணவர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அவரைக் கூப்பிட வழியில்லை. போனைத் தொழிற்சாலை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். தோழியும் போனை எடுக்கவில்லை.

தயிர் உறை கேட்டு மாடிவீட்டு அக்கா வந்தார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

“இன்னாம்மா, பேயறஞ்ச மாரி குந்தினு கீறே?”

சொன்னேன்.

“அந்தக் குச்சியப் புடுங்கிட்டுத்தான் பாரேன்.”

பிடுங்கினால் மிச்சமும் போய்விடுமோ என்றேன்.

“அப்ப ஊட்டுக்காரரு வர்ற வரிக்கும் அத்தயே பாத்துகினு இரு. கொயந்தைக்கு மட்டும் சோத்தப் போட்டுடு.”

நாலரைக்கு அவரே கூப்பிட்டார். உளறிக்கொட்டினேன்.

“அப்பா படம்?” என்றார். பிறகு, “வரேன்.”

அந்தக் குரலுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. லேப்டாப்பை அணைத்தேன். பென் டிரைவை எடுத்துவிட்டு என்டரை அழுத்தச் சொல்லித் திரையில் வந்தது. எடுத்தேன். மறுபடி ஆன் செய்தேன். பழைய திரையே வந்தது. ஃபோல்டரில் மாமனார் இருந்தார், தோளில் மகளோடு. லினக்ஸ் எனக்குக் காட்டியது பென் டிரைவில் இருந்த தன் சொந்த ஃபோல்டரைத்தான். எங்களுடையதை அது தொடவே இல்லை.

கணவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து பார்த்தார். திட்டவில்லை.

“மொதல்ல இத எனக்கு அனுப்பு.”

அனுப்பினேன். வாட்ஸப்பில் இரண்டு டிக் விழுந்தது. அவருடைய போனை நான் வாங்கி, படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.